யாரும் அறிவிக்காத போர்

நெஸ்விக்
9 ஜூலை 1945

ஹல்வார்ட்,

நல்லா இருக்கியா, பெர்கன்ல மழையான்னு கேட்டு ஆரம்பிக்கிற மனநிலைல நான் இல்ல.

சனிக்கிழமை கடைக்கார ஓய்ஸ்டைன் பேப்பரைத் தூக்கிக்கிட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கே வந்துட்டாரு. "ராக்னா, இது உன் தம்பிதானே?"ன்னாரு. உன் பேரு போட்டிருந்துச்சு. ஜெர்மன்காரங்களோட செஞ்சிலுவைல நர்ஸா கிழக்குப் போர்முனைக்குப் போனாளே யூருன் ஃபூரெனஸ், அவளுக்கு வக்கீல் நீதானாம். நம்ம விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மார்த்தாவோட மக. சரி, வக்கீல்னா யாருக்காச்சும் வாதாடித்தான் ஆகணும். அதுக்காக நான் பேனாவை எடுக்கல.

கீழ இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு. அந்தப் பொண்ணு மேல தேசத்துரோகக் குற்றமே நிக்காதுன்னு கோர்ட்ல சொன்னியாம். நாப்பதாம் வருஷம் ஜூன்ல நம்ம படை ஆயுதத்தைக் கீழ போட்டதோட எல்லாம் முடிஞ்சுபோச்சாம். அதுவும் போக, ஜெர்மனியும் போர்னு அறிவிக்கல, நாமளும் அறிவிக்கலயாம். அறிவிக்காத போரைப் போர்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டியாம்.

ஓய்ஸ்டைன் சத்தமா வாசிச்சாரு. நான் லைன் மாத்திக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன். பாதிரியாருக்கு வந்த போன் காலைக் கொண்டுபோய் மீன் கிடங்குக்குப் போட்டுட்டேன்.

இந்தப் பேச்சை நான் ஏற்கனவே கேட்டிருக்கேன், ஹல்வார்ட். என் பையன் எய்லிஃபை நாப்பத்திமூணு நவம்பர்ல சுட்டாங்களே, அந்த ஜெர்மன் ராணுவக் கோர்ட் சொன்ன காரணமும் இதேதான். போர் முடிஞ்சிடுச்சு, அதுக்கப்புறம் அவங்க எண்ணெய்க் கிடங்குக்கு வெடி வச்சவன் சிப்பாய் இல்ல, வெறும் கொலைகாரன். அதை எனக்கு நம்ம மொழில எடுத்துச் சொன்னதே நீதான். என் சமையலறைல உட்கார்ந்து, தொப்பியைக்கூடக் கழட்டாம சொன்னே.

அவனைக் காப்பாத்த நீ ஒரு மனு எழுதினே. "நார்வே இன்னும் போரில் இருக்கிறது, இவன் அதன் சிப்பாய், போர்க்கைதியாகத்தான் நடத்த வேண்டும்." அந்த வரி எனக்கு மனப்பாடம். அப்போ உன்னை நினைச்சு எவ்ளோ பெருமைப்பட்டேன் தெரியுமா?

அன்னைக்குப் போர் இருந்துச்சு, இன்னைக்கு இல்ல. ரெண்டையும் சொன்னது ஒரே வாய்.

போர் இல்லேன்னா என் பையன் எதுல செத்தான்? அதை மட்டும் எழுது. வேற எதையும் எழுதாதே.

ராக்னா

*

பெர்கன்
17 ஜூலை 1945

அன்புள்ள அக்கா,

எய்லிஃப் போரில்தான் இறந்தான். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

வேறு எதையும் எழுதாதே என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். கோபமாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுத்தான் கிழிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

இந்த வழக்கை நான் தேடிப் போகவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு நீதிமன்றமே வழக்கறிஞர்களை ஒதுக்குகிறது. யூருனின் பெயரைப் பார்த்ததும் எழுத்தர் தயங்கினார். "சார், உங்க அக்கா பையன் விஷயம் எனக்குத் தெரியும். வேற யாரையாவது போட்டுடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆகவே, கட்டாயத்தில் செய்கிறேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஏன் வேண்டாம் என்றேன்? எய்லிஃபை விசாரித்த அன்று நான் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தேன், அக்கா. இதை உன்னிடம் சொன்னதில்லை. என் மனுவை ஒரு சிப்பாய் வாங்கி உள்ளே கொண்டுபோனான். என்னை உள்ளே விடவில்லை. நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியிருந்தது. உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாரும் வெளியே வந்தார்கள். ஒருவன் சிகரெட் பற்ற வைத்தான். அவ்வளவுதான் விசாரணை. எய்லிஃபுக்காக எழுந்து நின்று பேச அந்த அறையில் ஒரு ஆள்கூட இல்லை.

நம் நீதிமன்றம் அப்படி இருக்கக் கூடாது. ஒருவரைத் தண்டிப்பதற்கு முன் அவருக்காகச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் யாராவது சொல்லியாக வேண்டும். நமக்குப் பிடிக்காததையும் சேர்த்துத்தான்.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். யூருன் மீது போட்டிருக்கும் சட்டப் பிரிவு, "போர்க்காலத்தில்" எதிரிக்கு உதவுகிறவரைத் தண்டிக்கிறது. போர்க்காலம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று அது சொல்லவில்லை. தெளிவாக எச்சரிக்காமல் ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தாக்கக் கூடாது என்று 1907இல் ஹேக் நகரத்தில் நாடுகள் கூடி ஒப்புக்கொண்டன. ஆனால் 1940 ஏப்ரலில், அவர்கள் வந்திறங்கிய காலையில், ஜெர்மன் தூதர் கொண்டுவந்த தாளில் என்ன இருந்தது? உங்களைப் பாதுகாக்க வந்திருக்கிறோம் என்று இருந்தது. நம் பக்கத்திலும் யாரும் எழுந்து "இதனால் போர் அறிவிக்கப்படுகிறது" என்று சொல்லவில்லை. அரசர் பணிய முடியாது என்றார், நம் ஆட்கள் சுட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் படை சரணடைந்தது. அதன் பிறகு இருந்தது போரா, வேறு ஏதாவதா? தற்காப்பு வழக்கறிஞன் இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

எய்லிஃபைச் சுட்டவர்களும் இதைத்தான் சொன்னார்கள் என்பதை நான் மறக்கவில்லை. நீதிமன்றத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்ன அன்று மாலை என்னால் சாப்பிட முடியவில்லை.

உன் தம்பி
ஹல்வார்ட்

*

நெஸ்விக்
2 ஆகஸ்ட் 1945

ஹல்வார்ட்,

கிழிக்கல. படிச்சேன்.

நீ வெளிய பெஞ்சில உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். என்ன மனுஷன்டா நீ, இதையெல்லாம் உள்ள பூட்டி வச்சுக்கிட்டு.

ஆனா உன் வாதம் எனக்கு ஒப்பல. நீ ஹேக்ல நடந்ததைச் சொன்னே. நான் நெஸ்விக்ல நடந்ததைச் சொல்றேன்.

அந்த ஏப்ரல்ல நான் டெலிபோன் போர்டு முன்னாடி உட்கார்ந்திருந்தேன். விடிஞ்சதுலேர்ந்து மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் ஒரே கேள்வி. "ராக்னா, போர் வந்துடுச்சா?" தெரியலையே. "எக்ஸ்சேஞ்சுல இருக்கிற உனக்கே தெரியலன்னா அப்புறம் யாருக்குத்தான் தெரியும்?" எனக்கு மேல இருக்கிற எக்ஸ்சேஞ்சைக் கேட்டேன். அவங்களும் "மேல கேட்டிருக்கோம்"னாங்க. மேல மேல போய்க்கிட்டே இருந்துச்சு கேள்வி. பதில் மட்டும் கீழ இறங்கல.

அப்புறம் படைக்கு வரச் சொல்லி உத்தரவு வந்துச்சு பாரு, தபால்ல! பெர்கன் துறைமுகத்துல ஜெர்மன்காரன் இறங்கிட்டான், நம்ம அரசாங்கம் உறைல போட்டு அனுப்புது. பெரியவர் குனுட் என்ன கேட்டாரு தெரியுமா? "ஸ்டாம்ப் ஒட்டியிருக்கானா பாரு, இல்லேன்னா நான் போக வேண்டியதில்ல." எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே குனுட் தன் ரெண்டு மகன்களையும் படகுல ஏத்தி அனுப்பிட்டு வந்தாரு.

அந்த மாசக் கடைசில வோஸ் ஊர் மேல குண்டு போட்டாங்க. அந்த ஊர் எக்ஸ்சேஞ்சுல தோரா இருந்தா. பதினோரு வருஷமா தினமும் அவ குரலைக் கேட்பேன், முகத்தைப் பார்த்ததில்ல. "ராக்னா, தேவாலயப் பக்கம் எரியுது, நான் எழுந்து போகணும்னு சொல்றாங்க, ஆனா ஆஸ்பத்திரி லைன்..."னு சொல்லிட்டே இருந்தா. லைன் செத்துப்போச்சு. அவ உயிரோட இருந்தான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னைக்குத் தெரியல.

அதுக்கப்புறம் நெஸ்விக்ல ஒருத்தர்கூட எனக்கு போன் பண்ணி "போர் வந்துடுச்சா"ன்னு கேட்கல.

யாரு அறிவிக்கணும், நீயே சொல்லு. வீட்டைக் கொளுத்த வந்தவன் அறிவிக்கணுமா? அவன் வாயைத் திறக்கலன்னா எரிஞ்சது வீடு இல்லன்னு ஆயிடுமா?

இன்னொரு விஷயம். எய்லிஃபைக் கண்டுபிடிச்சுட்டாங்க. காட்டுல புதைச்சிருந்த இடத்தைத் தோண்டினாங்களாம். பனிச்சறுக்குல விழுந்து முன்பல் பாதி உடைஞ்சிருந்துச்சுல்ல, அதை வச்சு அடையாளம் தெரிஞ்சுதுன்னு போலீஸ் எழுதியிருக்காங்க. செப்டம்பர்ல ஊருக்குக் கொண்டுவர்றாங்க. ராணுவ மரியாதையோட அடக்கம். பாதிரியார்கிட்ட பேசிட்டேன்.

அந்த வழக்கை விட்டுட்டேன்னா வா. விடலன்னா வராதே.

ராக்னா

*

பெர்கன்
29 ஆகஸ்ட் 1945

அன்புள்ள அக்கா,

அவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற வரியை வாசித்துவிட்டு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு நடந்தேன். எங்கே போனேன் என்று சரியாக நினைவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு உச்ச நீதிமன்றம் இந்த மாதம் பதில் சொல்லிவிட்டது, வேறொருவரின் வழக்கில். நார்வே 1940 முதல் இந்த ஆண்டு விடுதலை வரை இடைவெளியே இல்லாமல் போரில்தான் இருந்தது. வடக்கே படை சரணடைந்தாலும் அரசர் சரணடையவில்லை. நம் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. காடுகளில் நம் பையன்கள் இருந்தார்கள்.

அறிவிப்பைப் பற்றியும் உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். எச்சரித்துவிட்டுத் தாக்கு என்பது தாக்குகிறவனுக்குப் போட்ட கட்டளை. அவன் அதை மீறினால் குற்றவாளிதான் ஆகிறான். அவன் தொடங்கியது போர் இல்லை என்று ஆகிவிடாது. அப்படி ஆகும் என்றால், சொல்லாமல் வந்து அடிப்பவனுக்கெல்லாம் பரிசு கொடுத்தது போலாகிவிடும். இது எனக்கு ஜூலையிலும் தெரியும். எதிர்த்தரப்பு இதைத்தான் சொல்லும் என்றும் தெரியும். ஆனாலும் அவர்கள் வாயால் சொல்லி, நீதிபதி காதால் கேட்டு, எழுத்தில் தீர்ப்பாக வர வேண்டும் என்று நினைத்தேன். இப்போது வந்துவிட்டது. எய்லிஃபின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவன் சிப்பாய் என்று அது சொல்கிறது.

வழக்கை விடவில்லை. இனி என்ன வாதாடுவேன் என்று கேட்பாய். போர் இருந்தது, சரி. ஆனால் அது யூருனுக்குத் தெரியுமா? அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பத்திரிகைகளை எல்லாம் ஜெர்மானியர்கள்தான் நடத்தினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது, அமைதி திரும்பிவிட்டது என்று தினமும் எழுதினார்கள். யாரும் அறிவிக்காத போரை ஒரு சாதாரணப் பெண் எப்படித் தெரிந்துகொள்வாள்? இதைத்தான் கேட்கப்போகிறேன்.

வராதே என்று சொல்லிவிட்டாய். தேவாலயத்துக்குள் வர மாட்டேன். ஆனால் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே போகும் சாலை பொதுச் சாலை.

ஹல்வார்ட்

*

நெஸ்விக்
30 செப்டம்பர் 1945

ஹல்வார்ட்,

அடக்கம் நல்லபடியா முடிஞ்சுது. எட்டுப் பையன்கள் வரிசையா நின்னு வானத்தைப் பார்த்துச் சுட்டாங்க. பெட்டி மேல கொடி போட்டிருந்தாங்க. பாதிரியார் ரொம்ப நேரம் பேசினாரு. மழை வந்ததால நிறுத்தினாரு.

நீ சுவருக்கு வெளிய நின்னதைப் பார்த்தேன். குடைகூட எடுத்துட்டு வரல. அதே படகுலயே திரும்பிட்டே.

கூப்பிடணும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. கூப்பிடல.

ராக்னா

*

பெர்கன்
14 டிசம்பர் 1945

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸுக்கு ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். நிஜக் காப்பிக்கொட்டை, வறுத்த கிழங்கு கலக்காதது. எங்கே கிடைத்தது என்று கேட்காதே.

வேறொரு காரணத்துக்காகவும் எழுதுகிறேன். யூருன் கைதிகள் முகாமில் இருக்கிறாள். நேற்று அவளைப் பார்க்கப் போயிருந்தேன். போன வாரம் தன்னைப் பார்க்க யாரோ ஓர் அம்மா வந்திருந்ததாகச் சொன்னாள். தன் தாய் இல்லை என்றாள். பெயரைச் சொல்லவில்லையாம். காவலரிடம் "ஊர்க்காரி" என்று மட்டும் சொன்னாளாம். சாம்பல் நிறக் கோட்டு, நிமிர்ந்த நடை. கேட்கிறவர்களைக் காக்க வைத்துவிட்டுப் பதில் சொல்லும் பழக்கம். "அவங்க பேசுறப்போ எக்ஸ்சேஞ்சுல பேசுற மாதிரி இருந்துச்சு" என்றாள் யூருன்.

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள். வழக்கைப் பற்றிக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னாள். பிப்ரவரியில் விசாரணை. என் கட்சிக்காரி என்னிடம் எதை மறைக்கிறாள் என்று தெரியாமல் நான் எழுந்து நிற்க முடியாது.

நீயா, அக்கா?

ஹல்வார்ட்

*

நெஸ்விக்
6 ஜனவரி 1946

ஹல்வார்ட்,

காப்பி வந்துச்சு. மூணு நாள் வாசனை மட்டும் பிடிச்சேன், நாலாவது நாள் போட்டேன்.

ஆமா, நான்தான்.

எதுக்குப் போனேன்னு கேட்டா, அவ மூஞ்சில அறையத்தான் போனேன்னு வச்சுக்கோ. படகுல போறப்போ அப்படித்தான் நினைச்சுக்கிட்டுப் போனேன். போய்ப் பார்த்தா, பெரிய மனுஷங்க கோட்டைப் போட்டுக்கிட்டு, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கிட்டு ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு. என்னைத் தெரிஞ்சுக்கிட்டா. எய்லிஃபோட அம்மான்னு தெரிஞ்சதும் எழுந்து நின்னுட்டா. உட்காருன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. அதனால ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே பேசினோம்.

ஒரே ஒரு கேள்வி வச்சிருந்தேன். அதைக் கேட்டேன். "போர் நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"வக்கீல் சார் அதைப் பத்தி..."ன்னு ஆரம்பிச்சா.

"வக்கீலை விடு. அவன் எனக்குத் தம்பி, அவன் எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியும். நீ சொல்லு."

அதுக்கு அவ சொன்னா: "முப்பத்தொன்பதுல நான் ஹெல்சின்கில ஆஸ்பத்திரி வேலைல இருந்தேன். நவம்பர் கடைசில ஒரு நாள் காலைல ரஷ்ய விமானம் வந்து குண்டு போட்டுச்சு. யாரும் போர்னு சொல்லல. சொல்லப்போனா, 'நாங்க பின்லாந்தோட போரே பண்ணல'ன்னு அப்புறமும் அவங்க சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க. பஸ்ல வேலைக்குப் போனவங்களை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்தாங்க. ஒரு அம்மாவுக்குக் கால் இல்ல. 'என்னம்மா இது, என்ன நடக்குது'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. 'போர் வந்துடுச்சு'ன்னு நான்தான் அவங்களுக்குச் சொன்னேன். அன்னைக்கு எனக்கு அறிவிப்பு தேவைப்படல. அதனால நாப்பதுல இங்க நடந்ததும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா போனே?"ன்னேன்.

"ரஷ்யாவோட சண்டை போட்ட பின்லாந்துக்காரங்களுக்குன்னுதான் போனேன். ஜெர்மன் செஞ்சிலுவை வழியாத்தான் அங்க போக முடிஞ்சுது. அது வேற போர், இது வேற போர்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். போன இடத்துல படுத்திருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஜெர்மன்காரங்கதான். ஒருத்தன் பெர்கன்ல எந்தக் கடைல கேக் நல்லா இருக்கும்னு எனக்கே சொன்னான். அப்போதான் ரெண்டும் ஒரே போர்னு புரிஞ்சுது. ஆனாலும் திரும்பி வரல."

"ஏன் வரல?"

"கட்டுப் போட ஆள் இல்ல"ன்னா. அப்புறம், "அது காரணம் இல்ல, தெரியும்"னா.

நான் அறையல. மன்னிக்கவும் இல்ல. "கோர்ட்ல இதையே சொல்லுவியா?"ன்னு கேட்டேன். "சொன்னா உங்க தம்பி வாதம் போயிடுமே"ன்னா. அவனைப் பத்திக் கவலைப்படாதேன்னுட்டு வந்துட்டேன்.

உன்கிட்ட சொல்றதா வேணாமான்னு ஒரு மாசமா யோசிச்சேன். உன் கட்சிக்காரி, நான் குறுக்க புகுந்தது தப்பு. தெரிஞ்சேதான் செஞ்சேன். இப்போ உனக்கும் தெரியும். அவ தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்கணும்னு நினைச்சேன்னா, இந்தக் கடிதத்தை அடுப்புல போட்டுட்டு உன் வேலையைப் பாரு. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்.

ராக்னா

*

பெர்கன்
23 பிப்ரவரி 1946

அன்புள்ள அக்கா,

தீர்ப்பு உனக்குத் தெரிந்திருக்கும். உள்ளே என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வந்த மறுநாளே முகாமுக்குப் போனேன். "யூருன், நீங்க வாயைத் திறக்காமலே இருக்கலாம். தெரியும்னு நிரூபிக்க வேண்டியது அவங்க வேலை. நீங்க உதவ வேண்டியதில்லை" என்றேன். "தெரியாதுன்னு நீங்க சொல்லப்போறீங்களா சார்?" என்று கேட்டாள். இனிமேல் என்னால் அப்படிச் சொல்ல முடியாது, பொய் என்று தெரிந்த பிறகு அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்றேன். "அப்போ நானே சொல்லிடுறேன்" என்றாள். இந்த ஒரு வாக்கியம் உங்களுக்குக் கூடுதலாக ஒரு வருஷச் சிறையாக ஆகலாம் என்று எச்சரித்தேன். கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அப்படியே ஆகட்டும்" என்றாள்.

நீதிமன்றத்தில் இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். நீதிபதி கேட்டார், அவள் சொன்னாள், ஹெல்சின்கியில் தொடங்கி. உன்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, மோசமாகச் சொன்னாள். நடுவில் குரல் போய்விட்டது. கேக் கடையைப் பற்றிச் சொன்னபோது பின்னால் யாரோ "வெக்கங்கெட்டவ!" என்று கத்தினார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு என் முறை. எட்டு மாதம் சேர்த்து வைத்த குறிப்புகள் கையில் இருந்தன. ஹேக் உடன்படிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு போட்டிருந்தேன். எதுவும் இனி உதவாது. எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியத்தோடு தொடங்கினேன்: "தற்காப்புத் தரப்பு ஒப்புக்கொள்கிறது. யாரும் அறிவிக்காவிட்டாலும் நார்வே போரில் இருந்தது."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அக்கா, இதே வாக்கியத்தைத்தான் 1943இல் நான் எழுதி அனுப்பினேன். மூடிய கதவுக்கு உள்ளே அதை யாராவது படித்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. அதை வாயால் சொல்ல இப்போதுதான் எனக்கு ஒரு நீதிமன்றம் கிடைத்தது. அதுவும் இந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. நீதிபதி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

பிறகு அவளுக்காக வாதாடினேன், ஒழுங்காகவே வாதாடினேன். அவள் யாரையும் சுடவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, உண்மையைச் சொல்லித் தன் கதவைத் தானே மூடிக்கொண்டாள் என்றேன். அரசுத் தரப்பு நான்கு வருடம் கேட்டது. இரண்டு வருடக் கட்டாய உழைப்பும் பத்து வருடம் வாக்குரிமை இழப்பும் கிடைத்தன. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மேல்முறையீடு வேண்டாம் என்றுவிட்டாள்.

வெளியே கொண்டுபோகும் முன் அம்மாவிடம் பேச முடியுமா என்று கேட்டாள். மார்த்தா விசாரணைக்கு வரவில்லை. எழுத்தரின் அறையில் தொலைபேசி இருந்தது. காவலர் நல்ல மனிதர், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான்தான் நெஸ்விக் இணைப்பைக் கேட்டேன்.

அதன் பிறகு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு மணிக்குத் திரும்பக் கூப்பிடச் சொன்னாய். கூப்பிட்டேன். யூருன் பேசினாள். அழுதாள். சிரித்தது போலவும் இருந்தது. நான் அறைக்கு வெளியே போய்விட்டேன்.

ஹல்வார்ட்

*

நெஸ்விக்
3 மார்ச் 1946

ஹல்வார்ட்,

"நெஸ்விக் எக்ஸ்சேஞ்சா?"ன்னு யாரோ மூணாம் மனுஷங்க மாதிரி கேட்டே. நானும் "ஆமாங்க, சொல்லுங்க"ன்னேன். குரல் தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன். "மார்த்தா ஃபூரெனஸ் பேசணும், அவங்க மக இங்க இருக்காங்க"ன்னே. ரெண்டு மணிக்குக் கூப்பிடுங்கன்னு வச்சுட்டேன்.

மார்த்தா வீட்டுல போன் கிடையாது. போன் இல்லாதவங்களுக்குக் கால் வந்தா ஓய்ஸ்டைனோட மக இங்காதான் ஓடிப் போய்க் கூட்டிட்டு வருவா. கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"அந்த வீட்டுக்கா?"ன்னா இங்கா. "போன மே மாசத்துலேர்ந்து அங்க யாரும் போறதில்ல. நான் போகல."

"கால் வந்திருக்கு இங்கா."

"வந்தா வரட்டும். உங்களுக்கு வேணும்னா நீங்களே போங்க. எய்லிஃபோட அம்மா போறாங்கன்னு ஊரே பார்க்கட்டும்."

குத்திக்காட்டத்தான் சொன்னா. எனக்கு அது நல்ல யோசனையாப் பட்டுச்சு. "சரி, போர்டைப் பார்த்துக்கோ. நாலாம் நம்பர் லைன்ல பிளக் சரியா உட்காராது, கொஞ்சம் அழுத்திக் குத்து"ன்னுட்டு பனில கால்ல உதைச்சுத் தள்ளுற சறுக்கு வண்டியை எடுத்துக்கிட்டேன். பனி இன்னும் கெட்டியா இருக்கு, விரிகுடாவைச் சுத்திப் போற பாதை முழுக்க நல்லா வழுக்குச்சு.

மார்த்தா கதவைத் திறந்தா. என்னைப் பார்த்ததும் நிலையைப் பிடிச்சுக்கிட்டா. "செத்துட்டாளா?"ன்னா.

"இல்ல. போன்ல பேசப்போறா. கோட்டைப் போடு."

ஒரு பூட்ஸைக் கண்டுபிடிச்சா, இன்னொண்ணைக் காணோம். நானும் தேடினேன். அடுப்புக்குப் பின்னாடி கிடந்துச்சு. அந்த வீட்டுக்குள்ள நான் கால் வைப்பேன்னு கனவுலகூட நினைச்சதில்ல. ரெண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்துச்சு. ஒருத்தி தனியா இருக்கிற வீட்டுல எதுக்கு ரெண்டு தட்டுன்னு நான் கேட்கல. என் வீட்டுலயும் அப்படித்தான்.

அவளுக்கு முழங்கால் சரியில்ல, வேகமா நடக்க முடியாது. வண்டில உட்காருன்னேன். "வேண்டாம் ராக்னா, ஜனங்க பார்ப்பாங்க." "உட்காரு மார்த்தா, மணி ஆகுது." உட்கார வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தேன். ஓய்ஸ்டைன் கடை வாசல்ல ஏழெட்டுப் பேர் நின்னாங்க. குனுட் மட்டும் தொப்பியைத் தொட்டாரு. எனக்கா அவளுக்கான்னு தெரியல.

வழில ஒரே ஒரு தடவை பேசினா. "எய்லிஃப் அடக்கத்துக்கு வரணும்னு கோட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கழட்டிட்டேன்"னா.

"வந்திருந்தா வெரட்டியிருப்பேன்"னேன். நிஜமாத்தான் சொன்னேன். அவளும் "தெரியும்"னா.

ரெண்டு மணிக்கு நீ கூப்பிட்டே. மார்த்தா கைல ரிசீவரைக் கொடுத்துட்டுப் பிளக்கைக் குத்தினேன். எங்க வேலைல லைன் சரியா விழுந்துச்சான்னு கொஞ்ச நேரம் காதுல வச்சுக் கேட்கணும், அது வழக்கம். "அம்மா"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. லைன் நல்லாத்தான் இருந்துச்சு. ஹெட்ஃபோனைக் கழட்டி மேசைல வச்சேன். இங்கா இன்னும் என் நாற்காலிலதான் உட்கார்ந்திருந்தா. அவ கையையும் பிடிச்சு எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போயிட்டேன். ரெண்டு பேரும் கொட்டகைக்குப் பக்கத்துல குளிர்ல நின்னோம்.

மார்த்தா பேசி முடிச்சுட்டு வந்தா. நன்றி சொன்னா, நான் தலையாட்டினேன். வீட்டுக்குத் திரும்ப நான் கொண்டுபோகல. இங்காதான் வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனா, மூஞ்சை உம்முன்னு வச்சுக்கிட்டு.

உள்ள வந்து லைனை எடுக்கலாம்னு போனா, நீ இன்னும் அந்தப் பக்கம் இருந்தே. "அக்கா"ன்னு கூப்பிட்டே. கேட்டுச்சு. மூணு பேர் மணி அடிச்சுக்கிட்டிருந்தாங்க, நான் பதில் சொல்லல.

அந்தப் பதிலைத்தான் இப்போ எழுதுறேன். ஈஸ்டருக்கு வா. செவ்வாய்க்கிழமைப் படகு வேண்டாம், அது எல்லாத் துறையிலயும் நின்னு நின்னு வரும். வியாழக்கிழமைப் படகுல வா. எய்லிஃபோட அறைல படுத்துக்கோ, வீட்டுல அங்கதான் அடுப்பு நல்லா எரியும். இந்த வாரமே படுக்கையை வெயில்ல போட்டுடுறேன்.

உன் அக்கா
ராக்னா